பழைய சோறு தின்னும் நாயும், தயிர்ச்சோறு தின்னும் பூனையும்

நாய்க்கும் பூனைக்கும் இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் கொடுக்காமல் தாவர உணவை மட்டுமே கொடுத்து வளர்க்கும் பழக்கம் பெரு நகரங்களில் பரவி வருகிறது. ‘வீகன்’ உணவு என்று இதற்குப் பெயர். இப்படி வளர்ப்பவர்கள், உணவில் விடுபட்டுப் போகும் சத்துகளைத் தூளாகவும், மாத்திரையாகவும், சொட்டு மருந்தாகவும் தனியே வாங்கிச் சேர்க்கிறார்கள். மதுரை நகரக் கடைகளிலும் நாய், பூனைகளுக்கான சத்து டப்பாக்கள் வரிசையாக அடுக்கப்பட்டுள்ளன.

கிராமத்து உழவர் இதைக் கேட்டால் சிரிப்பார். வீட்டுப் பிள்ளைக்கே டானிக் வாங்க யோசிக்கும்போது நாய்க்கு டானிக்கா என்று கேட்பார். கேள்வி நியாயமானதே. ஆனால் மேலூர்ப் பக்கம் ஏதாவது ஒரு பம்புசெட்டில் சங்கிலியில் கட்டிக் கிடக்கும் நாயைச் சற்றுக் கவனிக்க வேண்டும். காலையில் அதற்குப் பழைய சோறும் நீராகாரமும். இரவில் மிஞ்சிய சோறும் ரசமும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் கறி எடுத்தால் கடித்துப் போட்ட எலும்பு இரண்டு. வாரத்தில் ஆறு நாள் அந்த நாய் தின்பது நகரத்தார் சொல்லும் அதே தாவர உணவுதான். நகரத்து நாய்க்கு டப்பா உண்டு, பம்புசெட்டு நாய்க்கு அது இல்லை. வேறுபாடு அவ்வளவே. சைவக் குடும்பங்களிலும், வள்ளலார் நெறியில் நடப்போர் வீடுகளிலும் அந்த ஞாயிற்றுக்கிழமை எலும்பும் கிடையாது. மோர் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கலாம்.

ஆகவே இது நகரத்தாரின் பொழுதுபோக்கு விஷயம் என்று தள்ளிவிட முடியாது. தோட்டத்தையும் ஆட்டுக்கிடையையும் காக்கும் நாயும், குதிரில் எலி சேராமல் பார்த்துக்கொள்ளும் பூனையும் உழவரின் உடைமைகள். அவற்றின் தீனியை உழவர் யாரும் கணக்கிட்டுப் பார்ப்பதில்லை. அலங்காநல்லூர் வாடிவாசலுக்குப் போகும் காளைக்குப் பருத்திக்கொட்டையும் பேரீச்சம்பழமும் பார்த்துப் பார்த்துக் கொடுக்கும் வீட்டில்கூட, வாசலில் கிடக்கும் நாய்க்கு மிச்சம் மீதிதான்.

“எங்கள் அப்பன் பாட்டன் காலத்திலும் நாய் கூழைத்தானே குடித்தது, நன்றாகத்தானே இருந்தது?” என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் அதன் பிறகு இரண்டு மாற்றங்கள் நேர்ந்துள்ளன. அன்று உசிலம்பட்டி, திருமங்கலம், கள்ளிக்குடி மானாவாரி நிலங்களில் வீட்டார் குடித்த கம்பு, சோளம், கேழ்வரகுக் கூழையே நாயும் குடித்தது. இன்று வீட்டில் தீட்டிய அரிசிச் சோறு. 2011 ஜூன் முதல் குடும்ப அட்டைகளுக்கு அரிசி விலையில்லாமல் வழங்கப்பட்ட பிறகு சிறுதானியம் அடுப்படியிலிருந்து இன்னும் விலகிப் போயிற்று. அத்திட்டம் ஏழை வீட்டு அடுப்பை எரிய வைத்தது, அதில் குறை சொல்ல ஏதுமில்லை. ஆனால் நாயின் தட்டிலிருந்தும் கேழ்வரகு போய்விட்டது என்பதை யாரும் கவனிக்கவில்லை. இரண்டாவது மாற்றம், அன்று நாய் அவிழ்த்து விட்டபடி திரிந்தது. வரப்பில் எலியையும் வெள்ளெலியையும் பிடித்துத் தின்றது, வீட்டில் கிடைக்காததை வெளியில் ஈடு செய்துகொண்டது. இன்று சாலையில் வண்டிகள், பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள், வெறிநாய்ப் பயம் எல்லாம் சேர்ந்து நாயைச் சங்கிலியில் கட்டி வைத்துவிட்டன. கட்டிப் போட்ட நாய்க்கு உழவர் வைப்பதைத் தவிர வேறு உணவு கிடையாது.

நாய் தாவர உணவில் வாழ முடியுமா என்றால், வளர்ந்த நாய் வாழ முடியும். நாய் ஓநாயின் வழி வந்ததாயினும், பல்லாயிரம் ஆண்டுகள் மனிதனோடு சேர்ந்து தின்று பழகியதில் அதன் உடல் மாறிவிட்டது. மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணு, ஓநாயைவிட நாயிடம் பல மடங்கு கூடுதலாக உள்ளது என 2013இல் வெளியான ஆய்வு காட்டியது. இலைகளிலும் காய்களிலும் உள்ள கரோட்டினை உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக மாற்றிக்கொள்ளவும் நாயால் முடியும். எனவே கொள்கைக்காக இறைச்சி தவிர்க்கும் குடும்பத்தார் நாய் வளர்ப்பதில் தவறொன்றும் இல்லை. சோறும் ரசமும் மட்டும் போதும் என்று நினைப்பதுதான் தவறு. தழைச்சத்தை மட்டும் போட்டுவிட்டு மணிச்சத்தும் சாம்பல்சத்தும் போடாத வயலைப் போன்றது அது. பயிர் பச்சையாக நிற்கும், கதிர் பிடிக்காது.

சுண்ணாம்புச்சத்து என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டாலே நிலைமை விளங்கும். 20 கிலோ எடையுள்ள நாய்க்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 கிராம் சுண்ணாம்புச்சத்து தேவை. தீட்டிய அரிசி 100 கிராமில் இருப்பதோ 10 மில்லிகிராம் அளவே. அந்த 1 கிராமை அரிசியிலிருந்தே எடுக்க வேண்டுமானால் நாய் தினம் 10 கிலோ அரிசி தின்ன வேண்டும்! அரிசியில் மணிச்சத்து மட்டும் சுண்ணாம்புச்சத்தைப் போலப் பதினைந்து மடங்குக்கு மேல் உள்ளது. இரண்டும் ஏறக்குறையச் சம அளவில், அல்லது சுண்ணாம்பு சற்றுக் கூடுதலாக இருந்தால்தான் எலும்பு உறுதிப்படும். சமன் தவறினால் உடல் தன் எலும்பையே கரைத்துச் சுண்ணாம்பை எடுத்துக்கொள்ளும். குட்டிகளின் முன்னங்கால் வில்லாக வளைவதும், கணுக்கள் வீங்குவதும், சிறு குதிப்பில் எலும்பு முறிவதும் இதனால்தான்.

இதில் வேதனை தருவது ஒன்று உண்டு. ராஜபாளையம், சிப்பிப்பாறை நாய்களைத் தனி இனங்களாகத் தேசிய விலங்கின மரபுவளப் பணியகம் பதிவு செய்துள்ளது. ராஜபாளையம் நாய்க்கு 2005இல் அஞ்சல் தலையே வெளியாயிற்று. நல்ல விலை கொடுத்து இவ்வினக் குட்டிகளை வாங்கி வருகிறவர்கள், ஆறு மாதம் பாலும் சோறும் மட்டும் ஊற்றி, நீண்ட கால்களுக்கே பெயர் பெற்ற நாயைக் கால் கோணிய நாயாக்கி விடுகிறார்கள். பிறகு “வித்து சரியில்லை” என்று விற்றவர் மேல் பழி போடுகிறார்கள். வளரும் குட்டிக்கும், சினையாக உள்ள அல்லது பால் கொடுக்கும் பெட்டை நாய்க்கும் தாவர உணவை மட்டும் கொடுத்துச் சோதனை செய்யக் கூடாது. கொள்கை எதுவாயினும் அந்தக் காலத்தில் முட்டையாவது வேண்டும்.

வளர்ந்த நாய்க்கு நம் மண்ணின் தானியமே பாதி வழி காட்டுகிறது. கேழ்வரகு 100 கிராமில் சுமார் 350 மில்லிகிராம் சுண்ணாம்புச்சத்து உண்டு. முருங்கைக் கீரையில் அதற்கும் மேல். கேழ்வரகை இரவு கரைத்துப் புளிக்க வைத்து மறுநாள் காய்ச்சும் நம் வழக்கம், தானியத்தில் சத்துகளைப் பிடித்து வைத்திருக்கும் ஃபைட்டிக் அமிலத்தைக் குறைக்கிறது. பாட்டியின் கூழ்ப்பானையில் விஞ்ஞானம் இருந்தது என்று இதைத் தாராளமாகச் சொல்லலாம். புரதத்துக்கு அரிசி உதவாது, அதில் 100க்கு 7 பங்குதான். நாயின் உணவில், ஈரம் நீக்கிய கணக்கில், 100க்கு 18 பங்கு புரதம் இருப்பது நல்லது. இரண்டு பங்கு கேழ்வரகு மாவுக்கு ஒரு பங்கு சோயா மொச்சையைக் குழைய வேக வைத்துச் சேர்த்தால் அந்த அளவு கிட்டும். கடைகளில் ‘மீல் மேக்கர்’ என்று விற்கும் சோயா உருண்டையும் ஆகும். துவரை, தட்டைப்பயறு என்றால் அளவைக் கூட்ட வேண்டும். ஒரு தேக்கரண்டி நல்லெண்ணெய் அல்லது கடலையெண்ணெய், ஒரு சிட்டிகை அயோடின் உப்பு சேர்க்க வேண்டும். எண்ணெய்ப்பசை இல்லாத சோற்றையே தின்னும் நாயின் மயிர் வறண்டு உதிரும். துத்தநாகச்சத்து குறைந்தால் கண்ணையும் வாயையும் சுற்றித் தோல் தடித்துப் பொருக்குக் கட்டும். இதைச் சொறி என்று எண்ணி வண்டியின் கழிவு ஆயிலைப் பூசுகிறவர்கள் உண்டு. நாய் அதை நக்கிக் குடலும் கெட்டுப்போகிறது.

கடலைப் புண்ணாக்கைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். புரதம் நிறைந்தது, வீட்டிலேயே இருப்பது, மாட்டுக்கு ஊற வைப்பதில் ஒரு கை நாய்க்கும் போடலாமே என்று தோன்றும். பூசணம் பிடித்த கடலை, புண்ணாக்கு, மக்காச்சோளம் இவற்றில் உண்டாகும் அஃப்ளாடாக்சின் நஞ்சு மாட்டைவிட நாயை எளிதில் தாக்குகிறது. 1974இல் ராஜஸ்தான், குஜராத் எல்லை மாவட்டங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைத் தின்ற நூற்றுக்கும் மேற்பட்ட மக்கள் ஈரல் கெட்டு இறந்தார்கள். அந்த வீடுகளில் அதே சோளத்தைத் தின்ற நாய்களுக்கும் அதே நோய் வந்தது, அவையும் இறந்தன. வேக வைத்தாலும் இந்த நஞ்சு போகாது. மாட்டுக்கு ஆகாது என்று ஒதுக்கிய புண்ணாக்கை நாய்க்குப் போடுவது, நாயைக் கொல்லும் வழியே.

இவ்வளவு செய்தாலும் தாவர உணவால் தர முடியாதவை சில உள்ளன. உயிர்ச்சத்து ‘பி12’ தாவரங்களில் இல்லை. உயிர்ச்சத்து ‘டி’ விஷயத்தில் ஒரு தவறான நம்பிக்கை நிலவுகிறது. வெயில் பட்டால் குழந்தைக்கும் கன்றுக்கும் தோலில் இச்சத்து ஊறுகிறது. நாய்க்கும் பூனைக்கும் அப்படிப் போதிய அளவு ஊறுவதில்லை. மதுரை வெயிலில் நாள் முழுதும் படுத்துக் கிடந்தாலும் உணவிலிருந்துதான் அவை பெற வேண்டும். முட்டையை ஏற்கும் வீடாயின், அவித்த முட்டை ஒன்று ‘டி’, ‘பி12’, நல்ல புரதம் மூன்றையும் சேர்த்தே கொடுத்துவிடும். எந்த டப்பாவையும்விட அது சிக்கனம். முட்டையோட்டைக் காய வைத்து நைசாக இடித்து, 20 கிலோ நாய்க்கு நாளுக்கு அரைத் தேக்கரண்டி சேர்த்தால் சுண்ணாம்புச்சத்துக்கும் செலவில்லை. முட்டையும் பாலும் வேண்டாம் என்போர், தாவர உணவு உண்ணும் நாய்க்கென்றே தயாரித்த சத்துத்தூளை, அதில் குறித்துள்ள அளவில், நாள் தவறாமல் கொடுத்தே ஆக வேண்டும். டப்பா இல்லாத வீகன் உணவு நாய்க்குப் பட்டினிதான்.

வெளிநாட்டு ஆய்வுகளைக் காட்டிச் சிலர் வாதிடுவதுண்டு. 2022இல் 2,536 நாய்களைப் பற்றி வெளியான ஓர் ஆய்வில், தாவர உணவு உண்ட நாய்கள் நலமாகவே இருப்பதாகத் தெரிய வந்தது. ஆனால் அது நாய் வளர்ப்போரைக் கேட்டு எழுதிய கணக்கு. மருத்துவர் ஒவ்வொரு நாயையும் சோதித்து எழுதியதன்று. அங்கே தாவர உணவு என்பது பெரும்பாலும் எல்லாச் சத்தும் அளந்து சேர்த்து ஆலையில் தயாரித்த தீனி. நம் ஊர் ரசம் சோற்றுக்கு அந்த ஆய்வைச் சாட்சியாக அழைக்க முடியாது. பிரிட்டனின் கால்நடை மருத்துவர் சங்கம் 2024இல் தன் நிலையைத் திருத்தி, தக்க கவனத்தோடு நாய்க்குத் தாவர உணவு கொடுக்கலாம் என்று ஏற்றுக்கொண்டது. அதே சங்கம் பூனைக்கு மட்டும் அதைப் பரிந்துரைக்க மறுத்துவிட்டது.

பூனையின் கதை வேறு

அந்த மறுப்புக்குத் தக்க காரணம் உண்டு. பூனை பிறவியிலேயே ஊனுண்ணி. மனிதனோடு எத்தனை ஆயிரம் ஆண்டு வாழ்ந்தும் அதன் உடல் மாறவில்லை. டாரின் என்ற சத்தை நாய் தன் உடலிலேயே ஓரளவு ஆக்கிக்கொள்கிறது. பூனையால் தேவையான அளவு ஆக்க இயலாது. அது இறைச்சியிலும் மீனிலும் மட்டுமே போதிய அளவு உள்ளது. தானியத்திலும் பருப்பிலும் இல்லை. அது இல்லாவிட்டால் பூனையின் விழித்திரை சிறிது சிறிதாக அழியும், இதயம் தளர்ந்து வீங்கும். 1975இல் அமெரிக்காவில் ஹேய்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்தனர். அந்த ஆய்வில் பூனைகளுக்குக் கொடுத்த புரதம் கேசீன், அதாவது பாலில் உள்ள புரதம். பால் புரதத்தை மட்டும் நம்பிய பூனைகளின் விழித்திரை கெட்டது. தயிர்ச்சோறு கொடுத்தால் பூனைக்குப் போதும் என்று நம்பும் நம் வீடுகளுக்கு இதைவிட நேரான செய்தி கிடையாது. 1987இல் கலிபோர்னியாவில் பியோன் என்ற கால்நடை மருத்துவர், இதயம் வீங்கிய பூனைகளுக்கு டாரின் கொடுத்தபோது அவை தேறியதைக் காட்டினார். இதயம் தேறலாம், ஆனால் அழிந்த விழித்திரை மீளாது.

டாரின் ஒன்று மட்டுமானால் அதை வாங்கிக் கலந்துவிடலாம் என்று சொல்லலாம். கரோட்டினை உயிர்ச்சத்து ‘ஏ’ ஆக்கவும் பூனையால் முடியாது. முருங்கைக் கீரையும் காரட்டும் நாய்க்கு உதவும், பூனைக்கு வெறும் சக்கை. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்புச்சத்தும் விலங்கு உணவிலிருந்தே அதற்கு வேண்டும். நயாசின் உயிர்ச்சத்தைப் பிற பிராணிகளைப் போல உடலுக்குள் ஆக்கவும் பூனைக்கு வழியில்லை. புரதமும் நாயைவிடக் கூடுதலாக, 100க்கு 26 பங்கு தேவை. இத்தனையையும் வீட்டு அடுப்பில் அளந்து சேர்ப்பது நடவாத காரியம். பூனைக்கு முழு உணவு என்று தெளிவாக அச்சிட்டு, டாரின் சேர்த்திருப்பதையும் குறிப்பிட்டுள்ள தீனியை வாங்கித் தொடர்ந்து கொடுக்கும் வசதியும் பொறுமையும் உள்ளவர்கள், கால்நடை மருத்துவரின் கண்காணிப்பில் முயன்று பார்க்கட்டும். மற்றவர்கள் பூனையைச் சைவமாக்க நினைப்பது கருணையாகாது. புலால் மறுத்தல் மனிதன் தானே அறிந்து ஏற்கும் நெறி. வாய்பேசாத பிராணியின் கண்ணை விலையாகக் கொடுத்து அந்த நெறியைக் காக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் மீன் வரக்கூடாது என்பவர்கள், பக்கத்து வீட்டில் தின்று வரும் பூனையைத் தடுக்காமல் இருந்தாலே போதும்.

“எங்கள் வீட்டுப் பூனை பத்து வருடமாகத் தயிர்ச்சோறுதான் தின்கிறது, கண் நன்றாகத் தெரிகிறதே” என்று சொல்லும் வீடுகள் மதுரைப் பக்கம் ஏராளம். பகலில் சைவமாக இருக்கும் அந்தப் பூனை இரவில் எங்கே போகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். எலியும் பல்லியும் வெட்டுக்கிளியும் அதன் குறையைத் தீர்த்துவிடுகின்றன. எலியின் உடலில் டாரின் நிறைய உண்டு. வேட்டையாட வழியில்லாமல் மாடி வீட்டுக்குள் அடைபட்ட நகரத்துப் பூனையும், பூட்டிய குடோனில் விட்டு வைத்த பூனையும்தான் உண்மையில் ஆபத்தில் இருப்பவை. கண் மங்கிய பூனை பழகிய வீட்டில் தடுமாறாமல் நடமாடும். எலி பிடிப்பது நின்ற பிறகே உழவருக்குத் தெரிய வரும். பூனைக்கு வயதாகிவிட்டது என்று அவர் நினைத்துக்கொள்வார்.

அசைவ வீடுகளில் வேலை எளிது. மீன் கழுவும்போது ஒதுக்கும் தலையையும் பொடி மீனையும் வேக வைத்துத் தினம் ஒரு கை கொடுத்தால் பூனைக்குப் போதும். வெந்த நீரையும் சேர்த்தே கொடுக்க வேண்டும், டாரின் அந்த நீரில் இறங்கிவிடும். கண்மாய் மீனைப் பச்சையாகக் கொடுப்பது நல்லதன்று. கெண்டை வகை மீன்களில் உயிர்ச்சத்து ‘பி1’ஐ அழிக்கும் நொதி உண்டு, வேக வைத்தால் அது நீங்கும். கருவாடு உப்பு மிகுந்தது. ஊற வைத்து உப்பு நீரைக் கொட்டினால் சத்தும் கூடவே போய்விடும், ஆகவே அதை நம்ப வேண்டாம். ஆட்டுக் குடலையும் ஈரலையும் நாய்க்குப் பச்சையாக வீசுவதும் கூடாது. நாய் வழியாக மனிதருக்குப் பரவும் நாடாப்புழு நோய் ஒன்று இதனால் வருகிறது.

மருந்துக்கடைச் சரக்கு

சத்து கொடுக்க வேண்டும் என்று கேள்விப்பட்டதும் மருந்துக்கடைக்குப் போய், மனிதருக்கான மருந்தை வாங்கி நாய்க்குக் கொடுப்பது நம்மிடையே வழக்கமாகி வருகிறது. இதில் மிகவும் அபாயமானது வாரம் ஒரு முறை மனிதர் சாப்பிடும் 60,000 யூனிட் உயிர்ச்சத்து ‘டி’ பொட்டலம். 10 கிலோ நாய்க்கு அதில் ஒன்றே நஞ்சாகும். 3 கிலோ பூனையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். சுண்ணாம்பு இரத்தத்தில் ஏறிச் சிறுநீரகம் கெடும். மாட்டுக்கான தாதுஉப்புக் கலவையை ஒரு கரண்டி அள்ளிப் போடுவதும் தவறு. அது பல நூறு கிலோ எடையுள்ள பசுவுக்காக அளந்த சரக்கு. குட்டிக்குக் கால் வளைகிறது என்றால் பக்கத்துக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டு போய்க் காட்டி, எடைக்கேற்ற அளவு கேட்டு வருவதே முறை. சாம்பார்ச் சோற்றை ஊற்றும் வீடுகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். வெங்காயமும் பூண்டும் நாய்க்கும் பூனைக்கும் இரத்தச் சிவப்பணுக்களை அழிப்பவை. பூனைக்கு மிகச் சிறிய அளவே போதும். வெங்காயம் போடுவதற்கு முன் பருப்பைத் தனியே எடுத்து வைத்தால் போதுமானது.

பெரியாறு பாசனத்தில் நெல் கதிர் விடும் பருவத்தில் வயலில் எலி மருந்து வைக்கிறார்கள். துத்தநாக பாஸ்பைடும் புரோமடியலோன் கட்டியும் வைத்த வயலில் செத்த எலியையோ, தள்ளாடும் எலியையோ தின்றால் பூனையும் நாயும் சேர்ந்து சாகும். புரோமடியலோன் தின்ற எலி சில நாள் கழித்தே சாவதால் ஆபத்து நீண்டு நிற்கும். மருந்து வைத்த நாள் முதல் இரண்டு வாரமாவது பூனையை வீட்டுக்குள் அடைத்து மீனோ முழு உணவோ கொடுக்க வேண்டும். தினமும் காலையில் வரப்பைச் சுற்றி வந்து செத்த எலிகளைப் பொறுக்கி ஆழமாகப் புதைக்க வேண்டும். வீட்டை ஒட்டிய வயலில் மருந்துக்குப் பதில் தஞ்சாவூர்க் கிட்டி வைப்பது நல்லது. அதில் சிக்கும் எலியைப் பூனைக்கே கொடுக்கலாம்.